‘ப்ரோரோக்’: நீட்டிக்கப் பிறந்த ஒரு சொல் கதவைப் பூட்டும் சொல்லாக மாறியது எப்படி?

2022 பிப்ரவரி 12, சனிக்கிழமை. மேற்கு வங்க ஆளுநராக இருந்த ஜக்தீப் தன்கர் ஓர் ஆணையை ட்விட்டரில் வெளியிட்டார். அரசமைப்புச் சட்டத்தின் 174ஆவது பிரிவின் கீழ் மாநிலச் சட்டப்பேரவையை ‘ப்ரோரோக்’ செய்வதாக அதில் இருந்தது. அடுத்த சில மணி நேரத்தில் நாடு முழுக்கப் பரபரப்பு. ஆளுநருக்கும் மம்தா பானர்ஜி அரசுக்கும் ஏற்கெனவே ஏழாம் பொருத்தம் என்பதால், ‘சட்டப்பேரவையை முடக்கிவிட்டார் ஆளுநர்’ என்று தமிழ்ச் செய்திகளிலும் தலைப்புகள் பறந்தன. தமிழ்நாடு முதல்வர் மு.க.ஸ்டாலின், இது மரபுக்கு மாறானது என்று கண்டித்துப் பதிவிட்டார். தன்கர் பதில் சொன்னார்: மாநில அரசு கேட்டுக்கொண்டதால்தான் செய்தேன். மம்தாவின் கட்சியினரும் அதையே உறுதிப்படுத்தினார்கள்.

ஆக, நடந்தது என்ன? ஓர் அரசு தன் சட்டப்பேரவையின் கூட்டத்தொடரை முறைப்படி முடித்துவைக்கச் சொன்னது. ஆளுநர் கையெழுத்துப் போட்டார். வருஷா வருஷம் எல்லா மாநிலங்களிலும் நடக்கிற வழக்கமான காகித வேலை. ஒரு வினைச்சொல்லை எப்படித் தமிழாக்குவது என்பதில் வந்த குழப்பம், இரண்டு மாநிலங்களுக்கு இடையே ஒரு நாள் அரசியலானது.

அந்தச் சொல் அப்படிப்பட்டது. பி, ஆர், ஓ, ஆர், ஓ, ஜி, யு, இ. கடைசி இரண்டு எழுத்துக்கும் ஓசை கிடையாது. ‘டயலாக்’, ‘லீக்’ மாதிரிதான். பேச்சு ஆங்கிலத்தில் யாரும் இதைப் பயன்படுத்துவதில்லை. ஆபீஸ் மெயிலில் ‘மீட்டிங்கை ப்ரோரோக் செய்கிறேன்’ என்று எழுதினால் மேனேஜர் கூகுளைத்தான் திறப்பார். ஆனால் இந்தச் சொல் மட்டும் எப்போதெல்லாம் செய்தியில் அடிபடுகிறதோ, அப்போதெல்லாம் எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவருடைய நாற்காலி ஆடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

டீ பிரேக்கா, செமஸ்டர் லீவா?

அவை தொடர்பாக மூன்று சொற்கள் உண்டு. மூன்றையும் நாம் குழப்பிக்கொள்வது வழக்கம். கல்லூரியை வைத்துப் பார்த்தால் சட்டென்று விளங்கிவிடும். ஒரு பீரியடுக்கும் அடுத்த பீரியடுக்கும் நடுவே விடுகிற இடைவேளை, அல்லது ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று வகுப்பை முடிப்பது, ஒத்திவைப்பு. இதைச் செய்பவர் அவைத்தலைவர். தேதி சொல்லியும் ஒத்திவைக்கலாம், தேதி சொல்லாமலும் ஒத்திவைக்கலாம். செமஸ்டரே முடிந்தது என்று அறிவிப்பது ‘ப்ரோரோக்’, அதாவது கூட்டத்தொடரை முடித்துவைப்பது. இதை அவைத்தலைவர் செய்ய முடியாது. குடியரசுத் தலைவர், ஆளுநர், அரசர் மாதிரி அவைக்கு வெளியே இருப்பவர்தான் செய்ய வேண்டும். மாணவர்கள் அதே மாணவர்கள்தான், அடுத்த செமஸ்டருக்குத் திரும்பி வருவார்கள். மூன்றாவது, கலைப்பு. அந்த பேட்ச்சே வெளியே போய்விட்டது, புது அட்மிஷன் போட வேண்டும். அதாவது தேர்தல்.

இந்தியாவில் ‘ப்ரோரோக்’ ஆனால் பெரிய சேதாரம் இல்லை. நிலுவையில் இருக்கிற மசோதாக்கள் காலாவதி ஆகாது என்று அரசமைப்பின் 107, 196 ஆகிய பிரிவுகள் தெளிவாகச் சொல்கின்றன. உறுப்பினர்கள் கொடுத்து வைத்திருக்கும் நோட்டீஸ்கள்தான் பெரும்பாலும் செல்லாமல் போகும். பிரிட்டனில் அப்படி இல்லை. அடுத்த கூட்டத்தொடருக்கு எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்யாத அரசு மசோதாக்கள் அங்கே அப்படியே செத்துப்போகும்.

ரோமில் ஒரு முற்றுகை

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சொல் பிறந்தபோது அதன் அர்த்தம் நேர் எதிர். லத்தீனில் ‘ரோகாரே’ என்றால் கேட்பது. ரோமானியக் குடியரசில் மக்கள் சபையிடம் ஒரு தீர்மானத்தை வைத்து ‘உங்கள் விருப்பம் என்ன?’ என்று கேட்பார்கள். முன்னால் ‘ப்ரோ’ சேர்ந்தால், ஒருவருடைய பதவிக்காலத்தை நீட்டிக்கச் சொல்லிக் கேட்பது.

முதல் நீட்டிப்பு என்று வரலாற்றில் பதிவாகியிருப்பது கி.மு. 326ஆம் ஆண்டு. குவின்டஸ் புப்லிலியஸ் ஃபிலோ என்ற கான்சல், இன்றைய நேப்பிள்ஸ் நகரமான நியாபோலிஸை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தார். கான்சல் பதவி ஒரே ஒரு வருடம். முற்றுகை முடியவில்லை, பதவி முடியப்போகிறது. பாதிப் போரில் தளபதியை மாற்றுவது சரியா? ரோமானியர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: பதவி போகட்டும், கான்சலுக்குப் பதிலாக நின்று போர் முடியும்வரை அதிகாரத்தை அவரே வைத்திருக்கட்டும். ‘ப்ரோகான்சல்’ என்ற பதவி அங்கேதான் முளைத்தது.

நல்ல நோக்கத்தோடு செய்த நீட்டிப்பு பழக்கமானது. சுமார் 270 ஆண்டுகள் கழித்து, கி.மு. 55இல் ஜூலியஸ் சீசருக்கு கால் பகுதியில் இருந்த படைத் தலைமை மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. அந்தத் தலைமை எப்போது முடிகிறது, சீசர் படையை விட்டுவிட்டு வர வேண்டுமா என்ற தகராறில்தான் உள்நாட்டுப் போரே மூண்டது. குடியரசு அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை.

ஐரோப்பாவின் மற்ற மொழிகள் இந்தப் பழைய அர்த்தத்தை இன்னும் விடவில்லை. பிரெஞ்சில் ‘ப்ரோரோஜே’ என்றால் கெடுவை நீட்டிப்பது. இத்தாலியில் ‘ப்ரோரோகா’ என்றால் கால நீட்டிப்பு. ஸ்பானிஷில் கால்பந்துப் போட்டியின் எக்ஸ்ட்ரா டைமுக்கே ‘ப்ரோர்ரோகா’ என்றுதான் பெயர். மெஸ்ஸியும் எம்பாப்பேயும் 2022 உலகக் கோப்பை இறுதியில் ஓடிய அந்தக் கூடுதல் 30 நிமிடங்கள் ஸ்பானிஷ் வர்ணனையாளருக்கு ‘ப்ரோர்ரோகா’.

ஆங்கிலத்தில் மட்டும் எங்கே திரும்பியது? 15ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக வந்தபோது ‘நீட்டிப்பது’ என்ற பொருளும் கூடவே வந்தது. ஒரு வேலையை நீட்டித்துக்கொண்டே போனால் அது தள்ளிப்போடுவதுதானே? மெல்ல மெல்ல ‘தள்ளிப்போடு’ என்று ஆனது. ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’டில் பால்கனிக் காட்சியிலேயே இந்த வினைச்சொல் வருகிறது, இந்த அர்த்தத்தில்தான். அரசர் நாடாளுமன்றத்தை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைக்கிறார். அதுவரை அவையினர் வீட்டுக்குப் போக வேண்டும். தள்ளிவைப்பது யார், எதற்காக என்பது மறைந்து, வீட்டுக்கு அனுப்புவது மட்டும் சொல்லில் தங்கிவிட்டது.

இதே ‘ரோகாரே’ குடும்பத்தில் இன்னொரு உறுப்பினர் ‘ப்ரெரோகேட்டிவ்’. ரோமில் முதலில் வாக்களிக்கக் கேட்கப்படும் குழுவுக்கு இருந்த பெயர் அது. பிற்காலத்தில் அரசருக்கு மட்டுமே உள்ள தனி அதிகாரம் என்று ஆனது. நாடாளுமன்றத்தை ‘ப்ரோரோக்’ செய்வது பிரிட்டிஷ் அரசரின் ‘ப்ரெரோகேட்டிவ்’. மக்களைக் கேட்பது என்ற ஒரே வேரிலிருந்து, மக்களைக் கேட்காமல் செய்யும் இரண்டு சொற்கள். ஜம்மு காஷ்மீரின் 370ஆவது பிரிவு விவகாரத்தில் எல்லோரும் பழகிக்கொண்ட ‘அப்ரோகேட்’டும் இதே வீட்டுப் பிள்ளைதான்.

மன்னர்களின் ஆயுதம்

இங்கிலாந்து மன்னர்களுக்கு நாடாளுமன்றம் தேவைப்பட்டது வரி போட. மற்ற நேரங்களில் அது தலைவலி. 1629 மார்ச் 2 அன்று, முதலாம் சார்லஸின் கட்டளைப்படி அவையை ஒத்திவைக்க எழுந்த சபாநாயகர் ஜான் ஃபின்ச்சை உறுப்பினர்கள் நாற்காலியிலேயே அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அவர் எழுந்தால் கூட்டம் முடிந்துவிடும். எழாமல் இருந்தால் தீர்மானம் நிறைவேற்றலாம். நிறைவேற்றினார்கள். மன்னர் அவையைக் கலைத்துவிட்டு 11 ஆண்டுகள் நாடாளுமன்றமே இல்லாமல் ஆண்டார். பிறகு உள்நாட்டுப் போர் வந்தது, 1649இல் தலையும் போனது.

அவர் மகன் இரண்டாம் சார்லஸ் சாமர்த்தியசாலி. கலைத்தால்தானே தேர்தல், எதிரிகள் ஜெயித்து வருவார்கள்? ‘ப்ரோரோக்’ செய்தால் போதுமே. 1675 நவம்பரில் நாடாளுமன்றத்தை முடித்துவைத்தவர், மறுபடி கூட்டியது 1677 பிப்ரவரியில். 15 மாதங்கள். ‘ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிவைத்தால் அது கலைத்ததற்குச் சமம், இந்த அவையே செல்லாது’ என்று ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவும் பக்கிங்ஹாம் பிரபுவும் வாதாடினார்கள். வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் இருவரும் போய்ச் சேர்ந்தது லண்டன் டவர் சிறைக்கு.

மன்னர்களின் பல் பிடுங்கப்பட்ட பிறகு ‘ப்ரோரோக்’ வெறும் சடங்கானது. பிரபுக்கள் சபையில் சிவப்பு அங்கி போட்ட ஐந்து ஆணையர்கள் உட்கார்ந்து, பழைய நார்மன் பிரெஞ்சில் மசோதாக்களுக்கு ஒப்புதல் அறிவித்து, தொப்பியை எடுத்து வணக்கம் சொல்லிக் கலைவார்கள். பார்க்க நாடகம் மாதிரி இருக்கும். அதிகாரம் போய்விட்டது, வேஷம்தான் மிச்சம் என்று எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் அதிகாரம் எங்கேயும் போகவில்லை. மன்னரின் கையிலிருந்து பிரதமரின் பைக்குள் போயிருந்தது, அவ்வளவுதான்.

ஒட்டாவாவில் இரண்டு மணி நேரம்

அதை உலகுக்குக் காட்டியவர் கனடாவின் ஸ்டீபன் ஹார்ப்பர். 2008 அக்டோபர் தேர்தலில் அவருக்குக் கிடைத்தது சிறுபான்மை அரசு. ஏழே வாரத்தில் எதிர்க்கட்சிகள் கூட்டணி ஒப்பந்தம் போட்டுவிட்டன. டிசம்பர் 8 அன்று நம்பிக்கையில்லா வாக்கெடுப்பு. எண்ணிக்கைப்படி ஹார்ப்பர் தோற்பது உறுதி. டிசம்பர் 4 அன்று அவர் கவர்னர் ஜெனரல் மிஷேல் ஜானைப் போய்ப் பார்த்து, நாடாளுமன்றத்தை முடித்துவைக்கக் கேட்டார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு, ஆலோசனை. கடைசியில் ஒப்புதல் கிடைத்தது. 2009 ஜனவரி 26 வரை அவை கிடையாது.

அந்த ஏழு வாரத்தில் கூட்டணி சிதறியது, லிபரல் கட்சித் தலைவரே மாறினார். ஹார்ப்பர் 2015 வரை பிரதமராக இருந்தார். தோற்கப்போகிற மேட்ச்சில் மழை வந்தால் எப்படி இருக்கும்? இங்கே மழையை வரவழைக்கும் ஸ்விட்ச் பேட்ஸ்மேன் கையிலேயே இருந்தது. அடுத்த ஆண்டு கடைசியில் அவர் இன்னொரு தடவை அதே ஸ்விட்ச்சைப் போட்டபோது, மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஒரு பழைய லத்தீன் வினைச்சொல் போராட்டத் தட்டிகளில் இடம்பெற்ற அதிசயம் நடந்தது. ஜஸ்டின் ட்ரூடோவும் விதிவிலக்கல்ல. 2025 ஜனவரி 6 அன்று ராஜினாமா முடிவை அறிவித்தபோதே, கட்சி புதுத் தலைவரைத் தேடுவதற்காக மார்ச் 24 வரை நாடாளுமன்றத்தை மூடிவைத்தார்.

கொழும்பில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு

தமிழ் வாசகருக்கு இந்தச் சொல்லின் சூடு தெரிந்த இடம் இலங்கை. 2018 அக்டோபர் 26, வெள்ளிக்கிழமை இரவு. ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்ரமசிங்கவை நீக்கி, மஹிந்த ராஜபக்ஷவைப் பிரதமராக்கினார். 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் 113 பேரின் ஆதரவு வேண்டும். ராஜபக்ஷவிடம் அது இல்லை. ‘பாராளுமன்றத்தைக் கூட்டுங்கள், என் பெரும்பான்மையைக் காட்டுகிறேன்’ என்றார் ரணில். மறுநாளே பாராளுமன்றம் நவம்பர் 16 வரை ‘ப்ரோரோக்’ செய்யப்பட்டது.

அந்த இடைவெளி எதற்கு என்று கொழும்பில் ஆட்டோ ஓட்டுபவருக்குக்கூடத் தெரிந்திருந்தது. ஆள் பிடிக்க. அமைச்சர் பதவிகள் கைமாறின, கட்சி தாவல்கள் நடந்தன. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வாக்குகள் யார் பக்கம் என்பது நாடு முழுவதும் எண்ணப்பட்டது. கூட்டமைப்பு இந்த ஆட்சி மாற்றத்தை எதிர்த்து நின்றது. அப்படியும் 113 தேறவில்லை. நவம்பர் 9 அன்று சிறிசேன பாராளுமன்றத்தையே கலைத்தார். 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது, 14ஆம் தேதி அவை கூடி ராஜபக்ஷவுக்கு எதிராக வாக்களித்தது, 16ஆம் தேதி அவைக்குள்ளேயே மிளகாய்த்தூள் பறந்தது. டிசம்பர் 13 அன்று ஏழு நீதிபதிகள் ஒருமனதாகக் கலைப்பு செல்லாது என்றார்கள். மூன்று நாளில் ரணில் மீண்டும் பிரதமர்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கலைப்புதான் நீதிமன்றத்தில் அடிபட்டது. இலங்கை அரசமைப்பு இரண்டு மாதம் வரை ‘ப்ரோரோக்’ செய்ய ஜனாதிபதிக்கு இடம் தருகிறது. சிறிசேன எடுத்துக்கொண்டது மூன்று வாரம்கூட இல்லை. எழுத்துப்படி சட்டம் மீறப்படவில்லை. ஆனால் அந்த மூன்று வாரத்தில் நடந்ததை ‘கூட்டத்தொடர் முடித்துவைப்பு’ என்று நாசூக்காகச் சொன்னால் அது பொய். கொல்கத்தாவுக்குத் தவறாகப் பயன்படுத்திய ‘முடக்கம்’ என்ற சொல், கொழும்புக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தும். ஆங்கிலத்துக்கு இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்தான். தமிழுக்கு இரண்டு இருக்கின்றன. எதைப் போடுவது என்பதை, ஆணை பிறப்பிக்கப்பட்ட அன்று அவையில் என்ன வாக்கெடுப்பு காத்திருந்தது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வெற்றுத்தாள் தீர்ப்பு

நீதிமன்றம் ‘ப்ரோரோக்’ மீதே கை வைத்தது பிரிட்டனில். 2019 ஆகஸ்ட் 28 அன்று, போரிஸ் ஜான்சன் அரசின் ஆலோசனைப்படி, எலிசபெத் ராணி ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகையில் இருந்தபடி ஒப்புதல் தந்தார். நாடாளுமன்றத்துக்கு ஐந்து வாரம் பூட்டு, அக்டோபர் 14 வரை. பிரெக்ஸிட் கெடு அக்டோபர் 31. புதிய திட்டங்களை ராணியின் உரையில் அறிவிக்க அவகாசம் வேண்டும் என்றது அரசு. அந்த உரையைத் தயாரிக்க வழக்கமாக நான்கு முதல் ஆறு நாள் போதுமே, ஐந்து வாரம் ஏன்? இந்தக் கேள்விக்கு அரசிடம் உருப்படியான பதில் இல்லை.

செப்டம்பர் 24 அன்று, நீதிபதி ஹேல் தலைமையில் 11 நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள். நியாயமான காரணம் இல்லாமல் நாடாளுமன்றம் தன் வேலையைச் செய்ய முடியாதபடி தடுத்தால் அந்த ‘ப்ரோரோக்’ சட்டவிரோதம். அந்த ஆணை, ஆணையர்கள் வெற்றுத்தாளோடு அவைக்குள் நடந்து வந்ததற்குச் சமம். மறுநாளே உறுப்பினர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள், ஒன்றுமே நடக்காத மாதிரி. சட்டப்படி ஒன்றுமே நடந்திருக்கவில்லைதான்.

ஒரு கிளைக்கதை. அந்தச் சடங்கின்போது ஒரு மசோதாவுக்கு அரச ஒப்புதலும் அறிவித்திருந்தார்கள். சடங்கே செல்லாது என்றானதும் அந்த ஒப்புதலும் போய்விட்டது. அக்டோபர் 8 அன்று முறைப்படி இன்னொரு தடவை ‘ப்ரோரோக்’ செய்து, ஒப்புதலை மறுபடி அறிவித்தார்கள். இந்த முறை இடைவெளி ஒரு வாரத்துக்கும் குறைவு. அந்த மசோதா எதைப் பற்றியது தெரியுமா? நாடாளுமன்றக் கட்டடத்தைப் பழுதுபார்ப்பது பற்றி.

இங்கே என்ன நிலவரம்?

இந்தியாவில் மசோதா சாகாது, இரண்டு அமர்வுகளுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விடவும் முடியாது. அதனால் பயம் இல்லை என்று சொல்லிவிடலாமா? முடியாது. இங்கே ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது: அவசரச் சட்டம். அவை கூட்டத்தொடரில் இல்லாதபோதுதான் அவசரச் சட்டம் போட முடியும். இரண்டு அவைகள் இருந்தால், ஒன்றை மூடினாலே போதும்.

2015இல் நிலம் கையகப்படுத்தும் சட்டத்திருத்தத்தை மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் ஆளும் தரப்புக்குப் பெரும்பான்மை இல்லை. அவசரச் சட்டம் ஏப்ரல் முதல் வாரத்தில் காலாவதியாக இருந்தது. பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில், மார்ச் 28 அன்று மாநிலங்களவை மட்டும் ‘ப்ரோரோக்’ செய்யப்பட்டது. ஏப்ரல் 3 அன்று அவசரச் சட்டம் மறுபிறவி எடுத்தது. எல்லாம் சட்டப்படி. ஆனால் ஓர் அவை ‘சரி’ சொல்லாது என்று தெரிந்தே அதைச் சுற்றிக்கொண்டு போவதற்குச் சட்டம் அனுமதிக்கிறது என்றால், திருத்த வேண்டியது சட்டத்தைத்தான்.

அதற்காக இந்த வினைச்சொல்லையே வில்லன் ஆக்கவும் முடியாது. 1968 மார்ச்சில் பஞ்சாபில் நடந்தது இதற்கு நேர்மாறு. பட்ஜெட் நிறைவேற வேண்டிய நேரத்தில், தன் மீதே நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்ததும் சபாநாயகர் அவையை இரண்டு மாதத்துக்கு ஒத்திவைத்துவிட்டுப் போய்விட்டார். மார்ச் 31க்குள் பட்ஜெட் நிறைவேறாவிட்டால் கஜானாவைத் திறக்க முடியாது. ஆளுநர் அவையை ‘ப்ரோரோக்’ செய்தார், அவசரச் சட்டம் போட்டார், ஒரு வாரத்தில் புதிய கூட்டத்தொடரைக் கூட்டினார். உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பூட்டியிருந்த அவையைத் திறக்க அன்றைக்கு உதவியது இதே சாவிதான்.

இப்போது மாநிலங்கள் புது உத்தி கண்டிருக்கின்றன: ‘ப்ரோரோக்’ செய்யாமலே இருப்பது. கூட்டத்தொடரை முடித்தால், அடுத்ததைக் கூட்ட ஆளுநரின் உத்தரவு வேண்டும். முடிக்காமல் தேதி சொல்லாமல் ஒத்திவைத்தால், சபாநாயகரே எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். செமஸ்டர் முடிந்ததாக அறிவிக்காமலே வருடத்தை ஓட்டுவது மாதிரி. ஆளுநர்கள் கோப்பின் மேல் உட்கார்ந்துகொள்ளும் காலத்தில் இந்த உத்தியைக் குறை சொல்வது கஷ்டம். ஆனாலும் இது பழக்கமானால், ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் ஒரு தொடக்கம், ஒரு முடிவு என்ற ஒழுங்கே போய்விடும். கடைசி அமர்வுக்குப் பிறகு இத்தனை நாளுக்குள் முடித்துவைக்க வேண்டும் என்று அரசமைப்பு எங்கேயும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஒரு கெடு வைத்தால் ஆளுநருக்கும் விளையாட இடம் இருக்காது, ஆட்சியில் இருப்பவர்களுக்கும் இருக்காது.

2023இல் பஞ்சாப் அரசு மார்ச்சில் தொடங்கிய பட்ஜெட் கூட்டத்தொடரை முடிக்காமலே வைத்திருந்து, ஜூன் 19, 20 தேதிகளில் அவையைக் கூட்டி நான்கு மசோதாக்களை நிறைவேற்றியது. ‘இந்தக் கூட்டமே செல்லாது’ என்று கையெழுத்துப் போட மறுத்தார் ஆளுநர் பன்வாரிலால் புரோகித், முன்பு சென்னை ராஜ்பவனில் இருந்தவர். நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் கூட்டம் செல்லும் என்றது. அதன் செல்லுபடியைச் சந்தேகிப்பது ஆளுநரின் வேலை இல்லை என்றது. அதே வழக்கின் விசாரணையில் அரசுத் தரப்பையும் நீதிபதிகள் விடவில்லை. மார்ச்சில் தொடங்கிய கூட்டத்தொடரை ஏன் இன்னும் முடித்துவைக்கவில்லை என்று கேட்டார்கள்.